லாக் எழுதப் போய் உயிரைவிடும் நிரல்

பிழை நேர்ந்தால் அதை எழுதி வைப்பதற்காகத்தான் லாக் ஃபங்ஷன் என்று ஒன்று இருக்கிறது. அந்த லாக் ஃபங்ஷனே நிரலைக் கொன்றால் யாரிடம் போய் முறையிடுவது? நாள் முழுக்க சி மொழியோடு மாரடிப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும். ஃபங்ஷன் அறிவிப்பின் கடைசியில் அப்பாவியாக உட்கார்ந்திருக்கும், இதற்குமேல் எத்தனை மதிப்புகள் வேண்டுமானாலும் வரலாம் என்று பொருள்படும் அந்த மூன்று புள்ளிகளைத்தான் சொல்கிறேன்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வர் நிரல் ஒன்று செத்து விழுகிறது. சாகும் நொடியின் நினைவகப் பதிவான கோர் டம்பைத் திறந்தால், விழுந்த இடம் ஸ்டிர்லென், அதாவது சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளத்தை அளக்கும் ஃபங்ஷன். அதை அழைத்தது, மதிப்புகளைச் செய்தியில் செருகி எழுதும் விஎஃப்பிரிண்ட்எஃப். அதையும் அழைத்தது எங்கள் அணியின் அருமை லாக் ஃபங்ஷன். மூலநிரலில் அந்த வரியைத் தேடிப் பிடித்தால், "கோப்பைத் திறக்க முடியவில்லை: %எஸ்" என்று ஒரு வடிவச் சரம், காற்புள்ளி, எர்நோ. அவ்வளவுதான். வடிவச் சரம் என்பது செய்தியின் அச்சு; %எஸ் என்றால் இங்கே ஒரு சரம் வரும் என்று பொருள். எர்நோவோ கடைசியாக நேர்ந்த பிழையின் எண், ஒரு முழு எண். கோப்பு இல்லையென்றால் லினக்ஸில் அதன் மதிப்பு 2. வடிவச் சரத்தில் %எஸ் இருப்பதால், 2 என்ற முகவரியில் ஏதோ சரம் இருக்கிறது என்று நம்பி விஎஃப்பிரிண்ட்எஃப் அங்கே போய்ப் படிக்கிறது. கதை முடிந்தது. எர்நோவை, பிழை எண்ணைச் செய்தியாக்கித் தரும் ஸ்டிர்எரருக்குள் போட்டிருந்தால் அப்படியொரு கோப்பே இல்லை என்று லாக்கில் ஒரு வரி வந்திருக்கும். கோப்பை அதன் இடத்தில் வைத்துவிட்டு எல்லோரும் வேலையைப் பார்த்திருப்போம். இப்போதோ கோப்பு காணாமல் போன செய்தியே வெளியே வரவில்லை. நினைவகப் பிழை, நினைவகப் பிழை என்று அணி முழுவதும் வேறெங்கோ தோண்டிக்கொண்டிருக்கிறது.

அந்த வரி நேற்று எழுதப்பட்டதல்ல. எந்தச் சோதனையிலும் கோப்பு காணாமல் போனதில்லை. அதனால் அந்த வரி ஒருமுறைகூட ஓடவில்லை. பிழை வந்தால் மட்டுமே ஓடும் வரிகளை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. பேராபத்துக் காலத்தில் பேச வேண்டிய வரிகளும் அவையேதான்.

என் வயிறு எரிவது எதற்கென்றால், மூலநிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலருக்கு எல்லாம் தெரியும். அழைக்கும் இடத்தில் எத்தனை மதிப்புகள், எது முழு எண், எது பாயின்டர் (நினைவக முகவரி), எது டபுள் (தசமப் புள்ளியுள்ள எண்) என்று ஒன்றுவிடாமல் தெரியும். தெரிந்துகொண்டு, மூன்று புள்ளிகளைப் பார்த்ததும் அத்தனையையும் தூக்கி எறிந்துவிடுகிறது. எத்தனை பொருள் என்று சொல்லாமல் மூட்டையைக் கட்டி அனுப்பிவிட்டு, மேலே ஒட்டிய சீட்டைப் படித்துப் பிரித்துக்கொள் என்பதைப் போன்ற ஏற்பாடு. சீட்டு பொய் சொன்னால் கேட்க நாதியில்லை. 64-பிட் லினக்ஸில் ஒரே ஒரு சலுகை உண்டு: டபுள் போன்ற மிதவைப்புள்ளி மதிப்புகளுக்கு அதிகபட்சம் எத்தனை வெக்டர் ரிஜிஸ்டர்கள் (செயலியின் உள் சேமிப்பிடங்கள்) பயன்பட்டன என்று ஏஎல் ரிஜிஸ்டரில் ஓர் எண் போய்ச் சேரும். எண்ணத் தெரியாமல் இல்லை, பாருங்கள். மற்றவற்றுக்கு எண்ண மனம் வரவில்லை.

சி மொழியின் அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப்பை நேரடியாக அழைத்தால் ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் -டபிள்யூஆல் என்ற எச்சரிக்கை விருப்பத்தைக் கொடுத்த உடனே வடிவச் சரத்தைச் சரிபார்த்துக் கத்துகின்றன. ஆனால் யார்தான் நேரடியாக அழைக்கிறார்கள்? ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு புண்ணியவான் லாக் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, உள்ளே மூன்று புள்ளிகளில் வந்தவற்றைப் படிக்கத் தொடங்கும் விஏ_ஸ்டார்ட் போட்டு, விஎஃப்பிரிண்ட்எஃப்பிடம் தள்ளிவிட்டுப் போயிருப்பார். அந்த நொடியோடு கம்பைலரின் வாய் அடைபடுகிறது. அந்த ஃபங்ஷனின் அறிவிப்பில் ஃபார்மேட் என்ற பண்பைச் சேர்த்து, பிரிண்ட்எஃப், 2, 3 என்று எழுதினால் போதும்: இரண்டாவது இடத்தில் வடிவச் சரம், மூன்றாவதிலிருந்து மதிப்புகள் என்று கம்பைலர் புரிந்துகொண்டு மறுபடியும் காவலுக்கு வந்துவிடும். அந்த மதிப்புகளில் எதுவரை படித்தாயிற்று என்று குறித்து வைத்திருக்கும் விஏ_லிஸ்டை வாங்கும் ஃபங்ஷனாக இருந்தால் கடைசி எண் 0. ஒரே ஒரு வரி! ஜிசிசியில் இது நேற்று முளைத்த வசதியும் அல்ல. நான் கையில் எடுக்கும் பழைய நிரல்தொகுதிகளில் பெரும்பாலும் இந்த வரி மட்டும் இருப்பதில்லை. பதிப்புரிமைக் குறிப்பு இருக்கும், நட்சத்திரங்களால் அலங்கரித்த தலைப்பு இருக்கும்.

அதே லாக் ஃபங்ஷனின் உள்ளே எட்டிப் பார்த்தால் அடுத்த கூத்து. செய்தியைத் திரையிலும் காட்ட வேண்டும், கோப்பிலும் எழுத வேண்டும். ஆகவே ஒரே விஏ_லிஸ்டை முதலில் திரைக்கான எஸ்டிடிஎர்ருக்கு ஒரு விஎஃப்பிரிண்ட்எஃப், அடுத்து கோப்புக்கு ஒரு விஎஃப்பிரிண்ட்எஃப் என்று இரண்டு முறை கொடுத்திருக்கிறார்கள். முதல் அழைப்பு முடிந்த பிறகு அந்த விஏ_லிஸ்டின் மதிப்பை நம்பக்கூடாது என்று சி தரம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் 32-பிட் எக்ஸ்86-இல் இது வேலை செய்யும். 64-பிட் விண்டோஸிலும் வேலை செய்யும். அங்கெல்லாம் விஏ_லிஸ்ட் வெறும் பாயின்டர். அழைக்கப்பட்டவர் தன் நகலை நகர்த்திக்கொள்வார், நம்முடையது இருந்த இடத்திலேயே இருக்கும். 64-பிட் லினக்ஸில் அது 24 பைட் அளவுள்ள ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளின் தொகுப்பு), அதுவும் ஓர் உறுப்பு மட்டுமே கொண்ட அணிவரிசையாக. அணிவரிசையை ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் போவது அதன் முகவரி. ஆக, அவர் படித்து முன்னேறினால் நம்முடையதும் முன்னேறிவிடும். லாக் ஃபங்ஷனுக்கு லெவல், வடிவச் சரம் என்று இரண்டு பெயருள்ள மதிப்புகள் இருந்தால், படிக்க வேண்டிய ரிஜிஸ்டர் இடம் (மதிப்புக்கு 8 பைட் வீதம்) 16-இல் தொடங்கும். இரண்டு முழு எண்களைப் படித்ததும் 32-க்குப் போய் நிற்கும். இரண்டாவது விஎஃப்பிரிண்ட்எஃப் அந்த 32-இலிருந்துதான் தொடங்குகிறது. திரையில் எல்லாம் சரியாக இருக்கும், கோப்பில் குப்பை. சோதிப்பவர் திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். கோப்பை எப்போது திறப்போம்? எல்லாம் இடிந்து விழுந்த பிறகு.

இதற்கு மருந்தாக, விஏ_லிஸ்டை நகலெடுக்கும் விஏ_காப்பி 1999-ஆம் ஆண்டுத் தரத்திலேயே வந்துவிட்டது. நகல் எடு, பயன்படுத்து, முடிக்க விஏ_எண்ட் போடு. இதைச் சொன்னால், "இத்தனை நாள் ஓடியதே?" என்று ஒரு கேள்வி வரும் பாருங்கள், அதைக் கேட்கும்போது விசைப்பலகையைத் தூக்கி அடிக்கலாமா என்று கைகள் துடிக்கின்றன.

சில்லறைக் கொடுமைகளும் உண்டு. மூன்று புள்ளிகளைக் கடக்கும்போது சிறிய தசம எண் வகையான ஃப்ளோட் டபுளாகிவிடும், எழுத்து வகையான சார் முழு எண்ணான இன்ட்டாகிவிடும். ஆனாலும் அடுத்த மதிப்பை எடுக்கும் விஏ_ஆர்க்கில் ஃப்ளோட் என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஜிசிசி எச்சரித்துவிட்டு, அந்த இடத்தை எட்டினால் நிரல் நின்றுபோகும்படியே செய்துவிடுகிறது, நல்ல பிள்ளை. பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் அளவு மீறாமல் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பித் தருவது எழுதிய நீளத்தை அல்ல, இடம் இருந்திருந்தால் எழுதியிருக்கக்கூடிய நீளத்தை. அதை அப்படியே செண்டுக்குக் கொடுத்து, பஃபருக்கு அப்பால் கிடப்பதையெல்லாம் வலையில் அனுப்பிவைக்கும் நிரல்களை என்னவென்று சொல்வது?

பயனர் அனுப்பிய செய்தியையே வடிவச் சரமாக லாக் ஃபங்ஷனிடம் நீட்டுகிறவர்களைப் பற்றிப் பேசினால் ரத்தக் கொதிப்புதான் மிச்சம். %என் என்ற குறி நினைவகத்தில் எழுதவே செய்யும். 2000-ஆம் ஆண்டில் டபிள்யூயூ-எஃப்டிபிடி என்ற சர்வர் இந்த வகை ஓட்டையால்தான் சந்தி சிரித்தது. அதற்குப் பிறகும் "%எஸ்" என்ற நாலெழுத்தைத் தட்டச்சுச் செய்ய விரல் வலிக்கிறதாம்.

சி அப்படித்தான், கவனமாக எழுதுவது நிரலரின் பொறுப்பு என்று உபதேசிக்க ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது. கவனமாக எழுத மாட்டேன் என்றா சொன்னேன்? ஆயிரக்கணக்கான லாக் வரிகளைக் கண்ணால் சரிபார்ப்பதற்குப் பெயர் கவனமா, தண்டனையா? சி23 தரத்தில்கூட விஏ_ஸ்டார்ட்டுக்கு இனிக் கடைசி மதிப்பின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சலுகை கொடுத்திருக்கிறார்கள். எத்தனை மதிப்புகள் வந்தன என்பதை மட்டும் இன்னமும் சொல்லக் காணோம். இருந்த ஒரு கட்டாயத்தையும் தளர்த்திவிட்டார்கள், மிக்க நன்றி.

எங்கள் லாக் ஃபங்ஷனில் அந்தப் பண்பைச் சேர்த்துக் கம்பைல் செய்தேன். எச்சரிக்கைகள் கொட்டித் தீர்த்தன: நீண்ட எண்ணுக்குச் சாதாரண முழு எண்ணின் %டி, பாயின்டருக்குப் பதினாறடிமான எண்ணின் %எக்ஸ், மூன்று குறிகளுக்கு இரண்டே மதிப்புகள், எர்நோவுக்கு %எஸ் இன்னும் பல இடங்களில். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாள் வெடிக்கக் காத்திருந்த வரி. பட்டியலை அணிக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: பில்ட் ஆகும்போது திரை நிறைந்து கண்ணுக்கு எரிச்சலாக இருப்பதால், பில்ட் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில், இந்த எச்சரிக்கைகளையே அணைக்கும் -டபிள்யூநோ-ஃபார்மேட் சேர்த்துவிட்டார்களாம்.