முழங்கால் தண்ணிதானே என்று இறங்காதீர்கள்

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிய காலை. நிறுத்தி வைத்திருந்த வேன்களை வெள்ளம் இழுத்துப் போன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர். எதிர்வீட்டு அண்ணன் பைக்கை நகர்த்த இறங்கப் போனார். “முழங்கால் தண்ணிதானே தம்பி” என்றார். மாடியிலிருந்து கத்தித்தான் நிறுத்தினேன்.

அப்போது ஒரு நீல பிளாஸ்டிக் குடம் மிதந்து வந்தது. ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போக 15 நொடி. தண்ணீர் வடிந்ததும் டேப் பிடித்து அளந்தேன், 30 மீட்டர். அதாவது நொடிக்கு 2 மீட்டர், மணிக்கு 7 கிலோமீட்டர். நாம் விறுவிறுவென்று நடக்கிற வேகம்தான். பைக் அதிலேயே சாய்ந்து இழுபட்டுப் போய்விட்டது.

சுனாமி ஊருக்குள் ஓடிய வேகத்தையும் ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். 2004இல் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில் உயிர் தப்பியவர்கள் எடுத்த வீடியோக்களை வைத்துக்கொண்டு, அதே இடத்துக்குப் போய்க் கட்டடங்களை அளந்து, மிதந்த பொருட்கள் நொடிக்கு எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்தார்கள். கடலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே, நொடிக்கு 2 முதல் 5 மீட்டர். 2011இல் ஜப்பானின் கெசெனுமா விரிகுடாவில் 11 மீட்டர் வரை, மணிக்கு 40 கிலோமீட்டர்!

வீடியோ இல்லாவிட்டாலும் சுவர் சொல்லும். ஓடும் தண்ணீர் தூணின் முன்பக்கம் முட்டி ஏறும், பின்பக்கம் தாழும். அந்த வித்தியாசம் 20 சென்டிமீட்டர் என்றால் வேகம் நொடிக்கு சுமார் 2 மீட்டர், 80 என்றால் 4. எங்கள் கேட் தூணில் சேற்றுக்கறை முன்னுக்கும் பின்னுக்கும் சரியாக ஒரு சாண் இறங்கியிருந்தது. குடம் சொன்ன கணக்கேதான்.

சுனாமி என்றால் டிவியில் மணிக்கு 700 கிலோமீட்டர் என்கிறார்கள். அது 4,000 மீட்டர் ஆழமுள்ள நடுக்கடலில். நாகப்பட்டினத்துத் தெருவில் ஆளைச் சாய்த்தது அந்த வேகம் இல்லை. தெருவில் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்காகிவிடும். ஆழத்தை மட்டும் பார்த்து இறங்குகிறோமே, அதுதான் எனக்குப் பயம்.

ஃபெஞ்சல் வெள்ளத்தன்றைக்கு மாடியிலிருந்து வீடியோ எடுத்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். போனை அசைக்காமல், இரண்டு கம்பம் தெரிகிற மாதிரி 20 நொடி இருந்தாலும் போதும். எந்தத் தெரு என்று சொல்லுங்கள், டேப்போடு நான் வருகிறேன்.