பளபளப்பு மட்டும் அளவுகோல் அல்ல
பளபளப்பை வைத்தே சொகுசு கார்களின் பெயின்ட் தரத்தை ஒரு கட்டுரை வரிசைப்படுத்தியிருப்பது சரியல்ல. கார் கதவில் விழும் டியூப் லைட் பிம்பத்தைப் பாருங்கள். விளிம்பு நெளிந்து தெரிந்தால் அது ஆரஞ்சுத் தோல் குறை, அதாவது பெயின்ட் ஆரஞ்சுப் பழத் தோல் போல மேடுபள்ளமாக இருக்கிறது. கம்பெனி பெயின்டின் தடிமன் பெரும்பாலும் மொத்தமே 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு பேனலில் மட்டும் 250ஐத் தாண்டினால் மறுபடி பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஆனால் அலுமினிய பாடியில் இந்தத் தடிமனை அளக்கும் காந்த மீட்டர் வேலை செய்யாது, எடி கரன்ட் (சுழல் மின்னோட்டம்) வகை வேண்டும். கார்பன் ஃபைபர் பாடிக்கு அல்ட்ராசானிக் (மீயொலி) மீட்டர்.

காரின் உள்ளே, சீட் தையல் அழகைவிட முக்கியம் பட்டன்கள். 2000களின் ஃபெராரிகளில் பிளாஸ்டிக் மேல் பூசிய மென்பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து பிசுபிசுக்கும். அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அழுத்தித் துடைக்காதீர்கள், பூச்சோடு சேர்ந்து எழுத்துகளும் போய்விடும். டேஷ்போர்டு தோல் முன்கண்ணாடி ஓரத்தில் சுருங்கி எழும்பியிருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பாருங்கள்.