விழுந்தா மாத்திடு, ஒழுகுனா பூசிடு!

ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா சப்ளையை வெட்டுற பாதுகாப்பு ஸ்விட்ச், அடிக்கடி விழுதுன்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா, "சுவர்ல ஈரம் ஓடுது சார், முதல்ல பிளம்பரைப் பாருங்க"ங்கிறார். பிளம்பர் வந்து நாலு குழாயைத் திறந்து மூடிட்டு, "தண்ணி லைன் பக்காவா இருக்கு, இது கரண்ட் பிரச்சினை"ங்கிறார். ரெண்டு பேரும் கூலியை வாங்கிட்டுக் கிளம்பிட்டாங்க. ஈரமும் போகல, கரண்டும் நிலைக்கல.

சரி, எலக்ட்ரீஷியன் போறதுக்கு முன்னாடி ஒரு யோசனை சொன்னார் பாருங்க. "ஆர்சிசிபி வீக் ஆயிடுச்சு, அதை எடுத்துட்டு நேரா கொடுத்துடலாம்." அடப்பாவி! உள்ள போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு பார்க்கிறதுதான் அதோட வேலையே. வீட்டுல போடுறது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு கரண்ட் வேற வழியில கசிஞ்சா டப்புனு வெட்டிடும். அளவுக்கு மீறி கரண்ட் ஓடினா விழுற ஸ்விட்ச்தான் எம்சிபி, அதுக்கு இந்தச் சின்னக் கசிவெல்லாம் கண்ணுக்கே தெரியாது. திருடனைப் பிடிக்கச் சொன்னா குரைக்கிற நாயை அடிச்சு விரட்டுறேங்கிறீங்களே!

இதுக்கு முன்னாடி வந்தவர் இவருக்கு அண்ணன். 10 ஆம்பியர் எம்சிபி விழுதுன்னு சொன்னேன், 32 போட்டுடலாம்னார். உள்ள ஓடுறது 1.5 சதுர மில்லிமீட்டர் வயருங்க. 32 போட்டா எம்சிபி விழாதுதான். வயர்தான் சூடாகி எரியும்.

கண்டுபிடிக்கிறது என்ன பெரிய வித்தையா? எல்லா எம்சிபியையும் இறக்கு. ஆர்சிசிபியை ஏத்து. அப்புறம் ஒவ்வொண்ணா தூக்கு. எதைத் தூக்கும்போது விழுதோ அந்த லைன்ல தேடு. கீசர் பிளக்கைக் கழட்டிப் பாரு, ஹீட்டர் காயில்ல ஓட்டை விழுந்திருந்தா அங்கேயே மாட்டும். எல்லாத்தையும் இறக்கி வச்சும் விழுதுன்னா, நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பி வர்ற வயர், எங்கேயாவது எர்த்தைத் தொடுதான்னு பாரு. சிங்கிள் போல் எம்சிபி, கரண்ட் உள்ள வர்ற ஃபேஸ் வயரை மட்டும்தானே வெட்டும், நியூட்ரல் இணைஞ்சபடியேதானே இருக்கும்? வயர்ல கசிவு இருக்கான்னு சோதிக்க மெகர்னு ஒரு கருவி இருக்கு. கொண்டு வந்திருக்கீங்களான்னு கேட்டா, வீட்டுக்காரன் ரொம்பப் பேசுறான்னு ஒரு முறைப்பு. அவர் பையில இருக்கிறது ஒரே ஒரு டெஸ்டர். நியூட்ரல் அறுந்து தொங்கினாலும் ஃபேஸ்ல வச்சா அது ஜம்முனு எரியும். அதைக் காட்டி "கரண்ட் வருதே சார்"னு எனக்கே பாடம்!

பிளம்பர் மட்டும் குறைச்சலா? பிரஷர் லைன்ல ஓட்டைன்னா நாள் முழுக்கக் கசியும், எல்லாக் குழாயையும் மூடினாலும் மீட்டர் ஓடும், இல்ல டேங்க்ல மட்டம் இறங்கும். குளிச்ச பிறகு மட்டும் கறை பெரிசாகுதுன்னா கழிவுக் குழாயையோ தரையோட நீர்க்காப்பையோ சந்தேகப்படணும். இந்த ஒரு கேள்விய அவர் கேட்கவே இல்ல. டைல்ஸ் இடுக்குல வெள்ளை சிமெண்டைத் தேய்ச்சுட்டு "முடிஞ்சுது"ன்னார். ஃப்ளஷ் டேங்க் ஓயாம ஓடுதுன்னா முழு செட்டையும் மாத்தச் சொல்றார். பல நேரம் ரப்பர் வாஷரை மாத்தினாலே போதும்யா.

இவங்களைச் சொல்லி என்ன, வீட்டைக் கட்டினவங்களுக்கு முதல்ல வணக்கம் போடணும். பைப்பையும் வயரையும் சுவருக்குள்ள புதைச்சாங்களே, பூசுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ? ஒரு வரைபடம்? எது எங்க திரும்புது, எந்த இடத்துல ஜாயின்ட் இருக்குன்னு கட்டினவருக்கே ஞாபகம் இல்ல. கேட்டா, "எல்லாம் ஸ்டாண்டர்டா தான் போட்டிருப்பாங்க"ன்னு பதில்.

இப்ப இன்னொருத்தரைப் பிடிச்சிருக்கேன். வீட்டைப் பார்க்கவே இல்ல, போன்லயே, "உடைச்சுடலாம் சார், வேற வழியில்ல"ங்கிறார். எந்த இடத்துல உடைக்கணும்னு கேட்டேன்.

"எங்கேயாவது ஆரம்பிப்போம் சார்."