அக்கானி காய்ச்சியவள் ஏன் சண்டைக்காரி ஆனாள்?

நம்ம குமரி மாவட்டப் பேச்சை இவ்வளவு அழகாக எழுதிய நாவல் சமீபத்தில் வந்ததில்லை. மீன் புளிமுளம் மணக்கிறது, கிழவிகள் பேசும்போது விளவங்கோடு காதில் விழுகிறது. அதனால்தான் ஏமாற்றமும் பெரிது. பெயர் சொல்லவில்லை, படித்தவர்களுக்குத் தெரியும். கதையின் முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பாத்திரங்களைப் பிடிக்கவில்லை என்பது என் குறை இல்லை. பிடிக்காத மனிதர்களை வைத்து நல்ல நாவல் எழுதலாம். ஆனால் இதில் பனையேறி அப்பன் குடித்துவிட்டு அடித்தால் அதற்கு முன்னால் அவனுடைய சின்ன வயசு, கடன், முதுகுவலி எல்லாம் வருகிறது. பெண்டாட்டி கத்தினால் அவள் சுபாவம் அப்படி, அவ்வளவுதான். இந்த ஓரவஞ்சனைதான் என்னை உறுத்துகிறது.

வேலையை எழுதிய விதத்திலேயே இது தெரியும். மிருக்குத்தடி சாத்துவது, தளைநார், பாளை சீவும் அரிவாள் என்று மரமேறுவதற்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறார். அருமையான பக்கங்கள். கீழே நடப்பதற்கு ஒரே வரி: "அவள் காய்ச்சினாள்."

எதைக் காய்ச்சினாள்? அக்கானியை, அதாவது பதநீரை. கலயத்தில் சுண்ணாம்பு குறைந்திருந்தால் அக்கானி புளித்துக் கள்ளாகிவிடும், கருப்பட்டி திரளாது. சுண்ணாம்பு கூடிப்போனால் ருசி கெடும். இறக்கியதை வெயில் ஏறுமுன் அடுப்பில் ஏற்றியாக வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் அக்கானி வேண்டும். மீதி அத்தனையும் ஆவியாகிப் போகிற வரை ஓலையும் மட்டையும் தள்ளித் தள்ளி இரண்டு மூன்று மணி நேரம் தீ எரிய வேண்டும். பொங்கி வழியாமல் ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்கள். பாகு இறுகும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். முந்தி இறக்கினால் சிரட்டையில் உறையாமல் இளகும், பிந்தினால் அடிபிடித்துக் கசக்கும். அந்த நேரத்தில் ஒருத்தி கூப்பிட்ட குரலுக்கு எரிந்து விழுந்தால் அது சுபாவமா?

மூத்த மருமகளும் அப்படித்தான். "கருத்த கைக்காரி" என்று நாவல் முழுக்க அவளை இளக்காரம் செய்கிறார்கள். அவள் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டையின் தோடு உடைக்கிறவள். தோட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் பொள்ளவைக்கும், உள்ளங்கையைக் கறுக்கவைக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். இதை எழுத அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கம் இருந்திருந்தால் அவளை எனக்குப் பிடித்திருக்குமோ இல்லையோ, புரிந்திருக்கும்.

இனி பெண்ணியம். சென்னையில் படித்துவிட்டு வரும் இளைய மகள்தான் அதைப் பேசுகிறாள். அவள் வாயில் வருவதெல்லாம் மேடைப் பேச்சு. "நம்ம மண்ணுக்கு ஒட்டாத சரக்கு" என்று பெரியவர் ஒருவர் சொல்ல, நாவலும் அதற்குத் தலையாட்டிவிடுகிறது. எந்த மண்ணுக்கு? மேல்சட்டைக்காகவும் தோள்சீலைக்காகவும் அடி வாங்கிய பெண்கள் இதே கல்குளம், விளவங்கோடு பக்கத்தவர்கள். அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அறிவித்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்று வைத்தது. மிஷனரிகள் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னல் வேலையில் காசு சேர்த்து, அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தார்கள். அந்தப் பாட்டிகளின் பேத்திதானே இந்த இளைய மகள்? நாவலில் ஒரு பாட்டிக்குக்கூட இது ஞாபகம் இல்லை.

கடைசி அத்தியாயத்தில் மகள் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் அடுப்படியில் உட்காருகிறாள். அழகாக எழுதப்பட்ட காட்சி, பலர் அழுததாகவும் சொல்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் அம்மா மகளிடம் எதையும் சொல்லவில்லை, மகள் எதையும் கேட்கவும் இல்லை. இத்தனை வருஷம் காய்ச்சிய கருப்பட்டியை விற்ற காசு யார் மடியில் போனது என்றுகூட.