பிரெஞ்சு கார் கம்பெனி ரெனோ போனதும் ரஷ்ய கார் பிராண்ட் லாடா "ஒரு சிக்கலும் இல்லாம" சமாளிச்சுதா?

மேல ஒருத்தர் "2022ல ரெனோ ஓடிப்போச்சு, லாடாவுக்கு ஒண்ணும் ஆகல, மறுநாளே முழுக்க சொந்த பார்ட்ஸ்ல வண்டி விட்டாங்க"னு எழுதியிருக்கார், அதுக்கு 200 லைக் வேற. பாதி உண்மைங்க இது, அதான் ஆபத்து.

லாடா கார்களைத் தயாரிக்கிற அவ்டோவாஸ் கம்பெனில ரெனோ தனக்கிருந்த 67.69% பங்கை ஒரு ரூபிளுக்கு ரஷ்ய அரசோட நாமி நிறுவனத்துக்கு கொடுத்துட்டு, 6 வருஷத்துக்குள்ள திரும்ப வாங்கிக்கலாம்னு ஒரு ஷரத்தும் போட்டுட்டுதான் போச்சு. அந்த வசந்த காலத்துல லாடாவோட டோல்யாட்டி நகர ஃபேக்டரி லைன் பார்ட்ஸ் இல்லாம நின்னுச்சு. ஜூன்ல மறுபடி ஓடினப்போ வந்தது கிராண்டா கிளாசிக்ங்கிற மாடல், அதுல ஏர்பேக் கிடையாது, பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம தடுக்கிற ஏபிஎஸ் கிடையாது, சீட் பெல்ட்ல டக்குனு இழுத்துப் பிடிக்கிற ப்ரீடென்ஷனர்கூட கிடையாது, அரசாங்கமே பாதுகாப்பு விதியைத் தளர்த்தினதாலதான் அதை விக்கவே முடிஞ்சுது. குடும்பத்தோட போற வண்டிங்க அது, இதை எப்படி "ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றது?

அதுக்கப்புறம் அவங்க மீண்டது நிஜம்தான், அதை நான் மறுக்கல. ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப வந்துச்சு, வெஸ்டா மாடல் உற்பத்தியை இஷெவ்ஸ்க் நகரத்துல இருந்து டோல்யாட்டிக்கு மாத்தி 2023ல திரும்ப ஆரம்பிச்சாங்க, ஆனா அந்த வெஸ்டாவோட சிவிடிங்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சைனாவுல இருந்து வருது. எக்ஸ்ரே மாடலை அப்படியே கைவிட்டுட்டாங்க.

அப்புறம் "மாஸ்க்விச் 3 அசல் ரஷ்ய கார்"னு கீழ ஒரு கமெண்ட். அது லாடாவே இல்ல, ரெனோவோட பழைய மாஸ்கோ ஃபேக்டரில அசெம்பிள் ஆகுற சைனா கம்பெனி ஜேஏசியோட ஜேஎஸ்4 கார், முன்னாடி லோகோ மட்டும் வேற.

லாடா விற்பனையும் ஏறிட்டே போகல, 2025ல டிமாண்ட் விழுந்து செப்டம்பர் கடைசில இருந்து வாரம் 4 நாள் வேலைன்னு ஆக்கிட்டாங்க. தயவுசெஞ்சு அந்த மேல் கமெண்ட்டை எடிட் பண்ணுங்க.