ஃப்யூஸைக்கூடப் பார்க்காமல் "கன்வர்ட்டர் போச்சு" என்கிறவர்களை என்ன செய்வது?

"கன்வர்ட்டர் போயிடுச்சு, புதுசுதான் போடணும்." அமெரிக்காவில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வீட்டு வண்டி) பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் இதுதான். கன்வர்ட்டர் என்றால் வெளியிலிருந்து வருகிற 120 வோல்ட் கரண்ட்டை 12 வோல்ட் டிசியாக்கிப் பேட்டரிக்கு ஏற்றுகிற சார்ஜர். மல்டிமீட்டரைக் கையில் எடுத்தார்களா? இல்லை. மூடியைக் கழற்றினார்களா? அதுவும் இல்லை. மணிக்கு 150 டாலரும் அதற்கு மேலும் கூலி வாங்குகிற இடத்தில், ஒன்றிரண்டு டாலர் ஃப்யூஸைத் தொட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை. வயிறு எரிகிறது.

இதைவிடக் கொடுமை, முதலில் பேட்டரியைத் தலையில் கட்டுவது. புதுப் பேட்டரி போட்டு அனுப்புவார்கள். சார்ஜர் வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கவே மாட்டார்கள். இரண்டு மூன்று ராத்திரியில் அதுவும் காலி. லெட் ஆசிட் பேட்டரியை 12 வோல்ட்டுக்குக் கீழே இறக்கி அப்படியே போட்டு வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து, புதுசாக இருந்தாலும் செத்துப் போகும். அப்புறம் "பேட்டரி சரியில்லை" என்று இன்னொரு பில்.

வண்டிக்குள் சுவரில் பேட்டரி அளவைக் காட்ட நாலு விளக்கு எரிகிற பேனல் ஒன்று இருக்கிறதே, அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கரண்ட்டில் சொருகியிருக்கும்போது அது காட்டுவது சார்ஜரின் வோல்டேஜைத்தான். பேட்டரிக்குப் போகிற ஒயரே அறுந்து கிடந்தாலும் நாலு விளக்கும் பளிச்சென்று எரியும். அதைக் காட்டி "பேட்டரி ஃபுல்லா இருக்கு" என்கிற மெக்கானிக்கை என்ன சொல்வது?

மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியின் ஈய முனைகளிலேயே வைத்துப் பாருங்கள், ஒயர் நுனியில் மாட்டிய லக்கில் அல்ல. முனைக்கும் லக்குக்கும் நடுவே பூத்திருக்கிற வெள்ளைப் பொடியே பல நேரம் வில்லன். கூரையில் சோலார் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சோலார் தருகிற 14 வோல்ட்டைப் பார்த்து கன்வர்ட்டர் நன்றாக இருப்பதாக நினைத்துவிடுவோம். சார்ஜ், லோடு எதுவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.7 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இப்போது வெளிக் கரண்ட்டைச் சொருகுங்கள். கொஞ்ச நேரத்திலேயே 13.2க்கு மேல் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் கன்வர்ட்டரின் அவுட்புட் திருகுகளில் அளந்து பாருங்கள். அங்கே 13.6 வந்து, பேட்டரியில் 12.3தான் இருக்கிறதென்றால் கன்வர்ட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பழுது நடுவழியில். இவ்வளவுதான் சோதனை. பேட்டரி ஓய்கிற நேரம் போக, பத்து நிமிஷம் ஆகாது. இதைச் செய்யாமல்தான் 300 டாலர் யூனிட்டுக்கு ஆர்டர் போடுகிறார்கள்.

நடுவழியில் என்னென்ன இருக்கும்? படியோரமாகவோ டாஷ்போர்டிலோ ஒரு பேட்டரி கட்‌ஆஃப் ஸ்விட்ச். அது ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற ஸ்விட்ச்) வைத்ததாக இருந்தால் அந்த ரிலேயின் காண்டாக்ட் கருகியிருக்கலாம். பேட்டரி பக்கத்தில் 30 முதல் 50 ஆம்பியர் வரைக்குமான ஒரு சின்ன பிரேக்கர், மழையிலும் மண்ணிலும் கிடந்து துருப்பிடித்தபடி. சேஸிஸில் முறுக்கிய நெகட்டிவ் போல்ட், பெயின்ட்டுக்கு மேலேயே. இவற்றையெல்லாம் தாண்டி நேராகப் பார்க்க வேண்டியது கன்வர்ட்டரின் முகப்பில் இருக்கிற ரிவர்ஸ் போலாரிட்டி ஃப்யூஸ்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டோ மூன்றோ இருக்கும், பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். பேட்டரியை ஒரு நொடி தலைகீழாகத் தொட்டாலே போதும், இவை போய்விடும்.

ஏன் தலைகீழாகத் தொடுகிறார்கள்? இந்த இடத்தில்தான் வண்டி கட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. காரில் கறுப்பு என்றால் நெகட்டிவ். இந்த வண்டிகளின் வீட்டுப் பகுதியிலோ பல சமயம் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ்! 120 வோல்ட் வீட்டு ஒயரிங்கின் நிற வழக்கத்தை அப்படியே 12 வோல்ட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். குளிர்காலத்துக்குப் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வசந்தத்தில் மாட்டுகிறவர் கறுப்பைக் கொண்டுபோய் நெகட்டிவ்வில் வைக்காமல் என்ன செய்வார்? பாசிட்டிவ் ஒயர் நுனியில் ஒரு சாண் சிவப்பு டேப் சுற்றிவிட்டால் தீர்ந்தது, பத்து பைசா செலவு. அதைக்கூடச் செய்யாமல் லட்சம் டாலருக்கு வண்டி விற்கிறார்கள். கழற்றுவதற்கு முன்னால் நீங்களே டேப் சுற்றிவிடுங்கள். போன ஃப்யூஸுக்குப் பதில் அதே ஆம்பியரில் போடுங்கள், பெரியதைப் போட்டுத் தீயை வரவழைக்காதீர்கள். சரியாக மாட்டியும் மறுபடி போகிறதென்றால் உள்ளே அவுட்புட் பக்கத்து டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஒயர். 55 ஆம்பியர் யூனிட் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள், பேட்டரிக்கு இழுத்திருப்பது 8 கேஜ் ஒயர் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும்). போக 20 அடி, வர 20 அடி என்றால் 40 ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட் வழியிலேயே கரைகிறது. கன்வர்ட்டர் தன் முனையில் 14.4 ஆகிவிட்டதாக எண்ணிக் கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரியோ 13.4ல் தவித்துக்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்கச் சொருகி வைத்தும் பாதிதான் ஏறியது என்ற புலம்பலுக்கு இது பெரிய காரணம். அதே தூரத்துக்கு 4 கேஜ் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டாகக் குறையும். அளக்கும்போது பேட்டரி பாதியாவது இறங்கியிருக்க வேண்டும். கரண்ட் ஓடாமல் இழப்பு தெரியாது, நிறைந்த பேட்டரியை வைத்து அளந்துவிட்டு "ஒயர் ஓகே" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

சரி, கன்வர்ட்டர் முனையிலேயே ஒன்றும் வரவில்லை. பிரேக்கர் ஆனில் இருக்கிறது, உள்ளே 120 வோல்ட்டும் போகிறது. அப்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும். வெளிக் கரண்ட்டைப் பிடுங்கி, பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, தானாக ஸ்டார்ட் ஆகிற ஜெனரேட்டர் இருந்தால் அதையும் நிறுத்திவிட்டுத் திறங்கள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 170 வோல்ட் டிசி, சில டிசைனில் அதன் இரு மடங்குகூட நிற்கும். பத்து நிமிஷம் விட்டு, மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மின்சாரத்தில் பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள். நாய் முடியும் தூசியும் அடைத்து அது நின்று போய், சூட்டில் சார்ஜர் தன்னைத்தானே அணைத்துக்கொள்வது ரொம்ப சாதாரணம். பத்து இருபது டாலரில் முடிகிற வேலை. அடுத்து, அவுட்புட் பக்கத்துக் கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் மாற்றுவதற்கு அதே மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் அல்லது மேல், 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) என்று கேட்டு வாங்குங்கள். 16 வோல்ட்டை 14.4ல் ஓட்டினால் சீக்கிரமே திரும்ப உப்பும். போர்டில் 120 வோல்ட் பக்கத்துக் கண்ணாடி ஃப்யூஸ் கருகிக் கறுத்திருந்தால் அதை மட்டும் மாற்றிச் சொருகாதீர்கள். பெரும்பாலும் கரண்ட்டை ஆன்-ஆஃப் செய்கிற மாஸ்ஃபெட்டோ, ஏசியை டிசியாக்குகிற பிரிட்ஜ் டயோடோ ஷார்ட் ஆகியிருக்கும். அதை மாற்றிய பிறகும் 120 வோல்ட் வருகிற வழியில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் முதல் சோதனை. பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது, பளீரென்று நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது.

இதையெல்லாம் செய்யலாம்தான், சர்க்யூட் படம் கொடுத்தால்! கேட்டால் கையை விரிக்கிறார்கள். ஐசி மேலே இருக்கிற எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு அனுப்புகிற தயாரிப்பாளர்களும் உண்டு. வண்டியை வாங்கியவர் அதைப் பழுதுபார்க்கக் கூடாது என்று திட்டமிட்டுச் செய்கிற வேலை இது. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

மாற்றியே ஆக வேண்டிய ஒன்று உண்டு: ஹம் என்று முனகுகிற பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை. ஒரே வோல்டேஜில் விடாமல் ஏற்றிப் பேட்டரித் தண்ணீரைக் கொதித்து வற்ற வைக்கும். அதற்குப் பதில் 14.4, 13.6, 13.2 என்று படிப்படியாக இறங்குகிறதை வாங்குங்கள். லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்று 14.4 முதல் 14.6 வரை தருகிற செட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றச் சொல்கிற ஒர்க்‌ஷாப்பிடம் மூன்று எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: உள்ளே போகிற ஏசி, கன்வர்ட்டர் முனை டிசி, பேட்டரி முனை டிசி. எழுதித் தர மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.