எழுத்தாளர் காஃப்கா ‘உருமாற்றம்’ கதையை எழுதியது அந்த நீல வீட்டில் அல்ல

செக் நாட்டின் பிராக் கோட்டைக்குள், கோல்டன் லேன் சந்தில் உள்ள 22ஆம் எண் நீல வீட்டின் படத்தைப் போட்டு, “காஃப்கா பிறந்து, ‘உருமாற்றம்’ எழுதிய வீடு” என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அவர் பிறந்தது 1883இல், பிராக்கின் பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டி. ‘உருமாற்றம்’ எழுதியது 1912 இறுதியில், ஆற்றோரத்தில் பெற்றோருடன் வசித்த அடுக்குமாடி வீட்டில். காதலி ஃபெலிஸ் பாவருக்கு அவர் எழுதிய கடிதங்களைத் தேதி பார்த்துப் படித்தாலே தெரிந்துவிடும். கதை அச்சானது 1915இல்.

நீல வீட்டைத் தங்கை ஒட்லா வாடகைக்கு எடுத்ததே 1916இல்தான். அந்தக் குளிர்காலத்தில் காஃப்கா மாலையில் வந்து எழுதிவிட்டு, இரவில் நடந்தே திரும்புவார். ‘கிராமத்து மருத்துவர்’ தொகுப்பின் பல கதைகள் அங்கேதான் பிறந்தன. பிராக் போனால் அவசியம் பாருங்கள். அந்த வாட்ஸ்அப் பதிவை மட்டும் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.